பென்சில் டிக் போட்ட இடத்தில் கையெழுத்து

கம்பெனி கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை டைரக்டர் பதவியைப் பற்றியவை. கோயம்புத்தூரில் கம்பெனி செக்ரட்டரியாகத் தொழில் செய்கிறவள் என்பதால் இதே குழப்பங்களை ஆபீஸிலும் பார்க்கிறேன். பம்ப் கம்பெனியோ, பனியன் கம்பெனியோ, நூல் மில்லோ, பேப்பரில் பெயர் இருப்பவர் ஒருவர், முடிவெடுப்பவர் இன்னொருவர். வீட்டுக்குள் அது நடக்கும். கோர்ட்டில் நடக்காது. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், பெயர்களை எடுத்துவிட்டேன்.

கல்யாணமான மறு வருடமே என்னைக் குடும்ப பனியன் கம்பெனியில் டைரக்டர் ஆக்கினார்கள். கணவர் மேனேஜிங் டைரக்டர், கொழுந்தனார் இன்னொரு டைரக்டர். ஆடிட்டர் ஆபீஸ் பையன் கொண்டுவரும் பேப்பரில் பென்சில் டிக் இருக்கிற இடத்தில் கையெழுத்துப் போடுவேன். போர்டு மீட்டிங் எதற்கும் போனதில்லை. இப்போது நூல் சப்ளை செய்தவர் போட்ட செக் கேஸில் எனக்கும் சம்மன். செக்கில் இருப்பது கணவர் கையெழுத்து. 'நீ பேசாம இரு, நாங்க பாத்துக்கறோம்' என்கிறார்கள். பேசாமல் இருக்கலாமா மேடம்?
– வாசகி, திருப்பூர்

இருக்காதீர்கள். சம்மனில் உள்ள தேதியில் உங்களுக்காக ஒரு வக்கீல் கோர்ட்டில் நிற்க வேண்டும். கணவருடைய வக்கீலையே வைத்துக்கொள்வதா என்பதை நிதானமாக யோசியுங்கள். 'கம்பெனி நடத்தியதில் எனக்குப் பங்கில்லை' என்பது உங்கள் கட்சி. செக்கில் கையெழுத்துப் போட்டவர் அந்த வார்த்தையைச் சொல்லவே முடியாது. இரண்டு பேருக்கும் ஒரே வக்கீல் என்றால் உங்கள் வாதம் அடங்கிப் போகும். இதைச் சொன்னால் வீட்டில் மனஸ்தாபம் வரும் என்று தெரியும். வந்தாலும் பரவாயில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? செக் திரும்பினால் செலாவணி முறிச் சட்டம் 138ஆவது பிரிவு. கம்பெனி கொடுத்த செக் என்றால் கூடவே 141 வரும். குற்றம் நடந்த சமயத்தில் கம்பெனியின் அன்றாடக் காரியங்களுக்குப் பொறுப்பில் இருந்தவர்கள் அத்தனை பேரும் குற்றவாளிகள் என்கிறது 141. எல்லா டைரக்டர்களும் என்று அது சொல்லவில்லை. 2005இல் எஸ்.எம்.எஸ். ஃபார்மசூட்டிக்கல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் தெளிவாக்கியது: டைரக்டர் என்ற பெயர் மட்டும் இருந்தால் போதாது, அவர் பொறுப்பில் இருந்தார் என்று புகாரிலேயே சொல்லியிருக்க வேண்டும். மேனேஜிங் டைரக்டரும் செக்கில் கையெழுத்திட்டவரும் பதவியாலேயே மாட்டிக்கொள்கிறார்கள். உங்கள் கணவர் இரண்டு வகையிலும் வருகிறார். நீங்கள் வரவில்லை. உங்கள் வக்கீல் முதலில் புகாரின் நகலை வாங்கி உங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கட்டும். ஒன்றுமே எழுதவில்லை என்றால் உயர் நீதிமன்றத்தில் ரத்து கேட்கலாம். 'டைரக்டர்கள் எல்லோரும் சேர்ந்து நிர்வாகம் செய்தார்கள்' என்று எழுதியிருந்தால், விசாரணையில் சொல்லிக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிடவும் கூடும்.

அங்கேதான் பென்சில் டிக் வந்து நிற்கும். பேலன்ஸ் ஷீட்டில் உங்கள் கையெழுத்து இருக்கும். போர்டு மீட்டிங் வருகைப் பதிவேட்டில் இருக்கும். போகாத மீட்டிங்குக்குப் போனதாக நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். எதிர்த்தரப்பு வக்கீல் அதைக் காட்டி, 'இந்தக் கையெழுத்து உங்களுடையதுதானே?' என்று மட்டும் கேட்பார்.

கேஸ் ஒரு பக்கம் நடக்கட்டும். இந்த வாரமே செய்ய வேண்டியது வேறு. உங்கள் பெயரில் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் ஒன்று இருக்கும், பென் டிரைவ் மாதிரி. அநேகமாக ஆடிட்டர் ஆபீஸ் மேஜை டிராயரில், ரப்பர் பேண்ட் போட்டு, உங்கள் பெயர் எழுதிய துண்டுச் சீட்டோடு கிடக்கும். பாஸ்வேர்டும் அந்தச் சீட்டிலேயே இருக்கும்! அதை வாங்கி வீட்டில் வையுங்கள். வெற்று செக் புத்தகத்தில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு ஊர் முழுக்க யாராவது கொடுப்பார்களா? அப்புறம் பேங்கில் கேளுங்கள்: கம்பெனிக் கடனுக்கு நீங்கள் சொந்த ஜாமீன் கொடுத்திருக்கிறீர்களா? கொடுத்திருந்தால் அது டைரக்டர் பதவியோடு சம்பந்தப்பட்டதல்ல. நீங்கள் ராஜினாமா செய்தாலும் பேங்க் எழுத்தில் விடுவிக்கும் வரை தொடரும்.

ராஜினாமா செய்வதென்றால் கடிதத்தைக் கம்பெனியின் பதிவு அலுவலக முகவரிக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள், மெயிலிலும் அனுப்புங்கள். அதே வீடுதான் பதிவு அலுவலகம் என்றாலும் தபாலில்தான் அனுப்ப வேண்டும். கம்பெனிக்குக் கடிதம் கிடைத்த தேதி, நீங்கள் குறிப்பிட்ட தேதி, இரண்டில் எது பிந்தியதோ அன்றோடு பதவி முடியும். அவர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்ற அவசியமே இல்லை. கம்பெனி 30 நாளில் டிஐஆர்-12 படிவத்தில் கம்பெனிப் பதிவாளரிடம் தெரிவிக்க வேண்டும். செய்யாமல் இழுத்தடித்தால் நீங்களே டிஐஆர்-11 போடலாம். ஆனால் பதவியில் இருந்த காலத்தில் நடந்தவற்றுக்கு ராஜினாமா பரிகாரம் ஆகாது. பிரைவேட் லிமிடெட் கம்பெனியிடமிருந்து வசூலிக்க முடியாத வருமான வரி, ஜி.எஸ்.டி. பாக்கிக்கு அந்தக் காலத்து டைரக்டர்களைத் தேடி வரலாம். பாக்கி நின்றது தன் அலட்சியத்தாலோ முறைகேட்டாலோ அல்ல என்று காட்ட வேண்டியது டைரக்டர். வரி பாக்கி எவ்வளவு என்பதையும் இப்போதே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

சேர்மன், மேனேஜிங் டைரக்டர், சி.இ.ஓ. மூன்றும் ஒன்றா? யார் பெரியவர்?
– வாசகர், மதுரை

கம்பெனிச் சட்டத்தில் பெரியவர் போர்டுதான், தனி ஆள் இல்லை. போர்டைப் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பவர்கள் பங்குதாரர்கள்.

சேர்மன் என்பவர் கூட்டத்துக்குத் தலைமை தாங்குகிறவர். 2013ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பதவிக்கு விளக்கமே தரவில்லை. ஓட்டு சரிசமமாக விழுந்தால் அவருக்கு இன்னொரு ஓட்டு உண்டா என்பதைக்கூடக் கம்பெனி தனக்கு வகுத்துக்கொண்ட சங்க விதிகளில்தான் பார்க்க வேண்டும். மேனேஜிங் டைரக்டர் கட்டாயம் போர்டில் டைரக்டராக இருக்க வேண்டும். நிர்வாகத்தின் கணிசமான அதிகாரத்தை அவரிடம் ஒப்படைத்திருக்க வேண்டும். செக்கில் கையெழுத்துப் போடுவது, பங்குச் சான்றிதழில் கையெழுத்துப் போடுவது எல்லாம் அந்தக் கணிசமான அதிகாரத்தில் சேராது என்று சட்டமே சொல்கிறது. ஒரு தடவைக்கு 5 ஆண்டுக்கு மேல் நியமிக்கவும் முடியாது. சி.இ.ஓ. டைரக்டராக இருக்க வேண்டியதே இல்லை. கம்பெனி யாரை அப்படிக் குறிப்பிடுகிறதோ அவர் சி.இ.ஓ., அவ்வளவுதான்.

சேர்மன் நாற்காலி வேறு, டைரக்டர் நாற்காலி வேறு என்பது புரிய, டாடா குழுமத்தின் தாய்க் கம்பெனியான டாடா சன்ஸ் விவகாரத்தைப் பாருங்கள். 2016 அக்டோபர் 24 அன்று சைரஸ் மிஸ்திரியை எக்ஸிக்யூட்டிவ் சேர்மன் பதவியிலிருந்து நீக்கியது போர்டு. அன்றைக்கே எல்லாம் முடிந்தது என்று ஊரெல்லாம் நினைத்தது. இல்லை. அடுத்த நாளும் அவர் டாடா சன்ஸின் டைரக்டர்தான். தான் உட்காரவைத்த சேர்மனைப் போர்டு இறக்கலாம். பங்குதாரர்கள் தேர்ந்தெடுத்த டைரக்டரை அதனால் வெளியேற்ற முடியாது. அதற்காகப் பங்குதாரர்களின் சிறப்புக் கூட்டம் கூட்டி, 2017 பிப்ரவரியில்தான் டைரக்டர் பதவியிலிருந்து நீக்கினார்கள். வழக்கு தீர்ப்பாயம், மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் என்று ஏறி இறங்கி, 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் டாடா பக்கம் முடிந்தது.

நம் ஊர்க் குடும்பக் கம்பெனிகளில் இது தினமும் நடக்கிற கதை. அண்ணனும் தம்பியும் சண்டை போட்டால், பெரும்பான்மை வைத்திருப்பவர் ஒரு போர்டு ரெசல்யூஷன் அடித்து, 'உன்னை டைரக்டர் பதவியிலிருந்து தூக்கியாச்சு' என்று வாட்ஸ்ஆப்பில் அனுப்புவார். செல்லாது. பொதுக்கூட்டம் வேண்டும், 14 நாளுக்குக் குறையாத சிறப்பு நோட்டீஸ் வேண்டும், நீக்கப்படுபவர் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பு வேண்டும். இத்தனைக்குப் பிறகு சாதாரணப் பெரும்பான்மை போதும்.

என் மாமனாருக்குக் கம்பெனியில் பங்கும் இல்லை, பதவியும் இல்லை. ஆனால் அவர் தலையசைக்காமல் ஒரு லோடுகூட வெளியே போகாது. நாளைக்கு ஏதாவது ஆனால் அவர் தப்பிவிடுவாரா?
– பெயர் வேண்டாம், ஈரோடு

சுலபமாக முடியாது. யாருடைய சொல்லுக்குப் போர்டு கட்டுப்பட்டு நடந்து பழகியிருக்கிறதோ அவரும் சட்டப்படி 'அதிகாரி'தான், தவறு நேர்ந்தால் பொறுப்பாளியும்தான். தொழில்முறையில் ஆலோசனை சொல்லும் ஆடிட்டர், வக்கீல் போன்றவர்களுக்கு மட்டும் விலக்கு. சிக்கல் நிரூபிப்பதில் இருக்கிறது. உங்கள் மாமனார் தலையசைப்பதோடு நிறுத்திக்கொள்கிறார், எதையும் எழுதுவதில்லை என்று நினைக்கிறேன். விவரமான மனிதர்.

பேங்க்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவன். ஷேர் மார்க்கெட்டில் பட்டியலிட்ட ஒரு மில்லில் இண்டிபெண்டெண்ட் டைரக்டராக அழைக்கிறார்கள். 'வருஷத்துக்கு நாலு மீட்டிங், வந்து டீ குடித்துவிட்டுப் போங்கள்' என்கிறார் சேர்மன். போகலாமா?
– வாசகர், கோவை

அந்த ஒரு வாக்கியம் போதும், நானாக இருந்தால் போக மாட்டேன். அந்த டீக்கு ஒரு மீட்டிங்குக்கு அதிகபட்சம் 1 லட்சம் ரூபாய் கட்டணம் தரலாம். எவ்வளவு தருகிறார்கள் என்று கேட்டீர்களா?

இண்டிபெண்டெண்ட் டைரக்டர் என்றால் கம்பெனியோடும் அதை நடத்தும் குடும்பத்தோடும் பணத் தொடர்பு இல்லாத வெளியாள். ஆசை விடவில்லை என்றால் சில விஷயங்களைப் பாருங்கள். நீங்கள் இருந்த கிளையில்தான் இந்த மில்லுக்குக் கடன் இருந்ததா? அப்படியென்றால் சட்டம் இடம் கொடுத்தாலும் ஒதுங்கிவிடுங்கள். இல்லையென்றால் கடைசி மூன்று வருட ஆண்டறிக்கையை எடுத்து, சேர்மன் படம் போட்ட பக்கங்களைத் தாண்டி, பின்னாலிருந்து படியுங்கள். ஆடிட்டர் ரிப்போர்ட்டில் 'ஆனால்' என்று ஏதாவது பத்தி இருக்கிறதா? குடும்பத்து மற்ற கம்பெனிகளுக்குப் பணம் எவ்வளவு போயிருக்கிறது, திரும்பி வந்திருக்கிறதா? நிதிப் பொறுப்பிலிருக்கும் சி.எஃப்.ஓ. அடிக்கடி மாறுகிறாரா? ஆடிட்டர் பாதியில் விலகினாரா? பஞ்சு விலையைவிட இவை மில்லைப் பற்றி அதிகம் சொல்லும்.

சத்யம் கம்ப்யூட்டர்ஸ் கதை உங்களுக்கு நினைவிருக்கும். அந்த போர்டில் ஹார்வர்டு பேராசிரியர் இருந்தார், ஐதராபாத்தின் பெரிய மேலாண்மைப் பள்ளியின் டீன் இருந்தார். 2008 டிசம்பர் 16 அன்று, சத்யத்தின் நிறுவனர் ராமலிங்க ராஜுவின் குடும்பத்தாருடைய இரண்டு மைட்டாஸ் கம்பெனிகளை சுமார் 160 கோடி டாலருக்கு வாங்கலாம் என்று அந்த போர்டு ஒப்புக்கொண்டது. சாஃப்ட்வேர் கம்பெனி எதற்காக ரியல் எஸ்டேட் வாங்க வேண்டும்? அந்தக் கேள்வியை உரக்கக் கேட்டவர்கள் முதலீட்டாளர்கள். நியூயார்க்கில் பங்கு சரிந்த வேகத்தில், முடிவை உடனே வாபஸ் வாங்கினார்கள். 2009 ஜனவரி 7 அன்று, கணக்கில் காட்டிய பணம் இல்லவே இல்லை என்று ராஜுவே கடிதம் எழுதினார். மத்திய அரசு போர்டைக் கலைத்துவிட்டுத் தன் ஆட்களை நியமித்தது. படிப்பும் பெயரும் உள்ளவர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தும் மேஜை மேல் இருந்த கணக்கு பொய்.

2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் இண்டிபெண்டெண்ட் டைரக்டருக்குப் பாதுகாப்பு இருக்கிறது. போர்டு நடவடிக்கைகள் வழியாக உங்களுக்குத் தெரிந்து, உங்கள் சம்மதத்தோடோ உடந்தையோடோ நடந்ததற்கும், நீங்கள் உரிய கவனம் செலுத்தாமல் விட்டதற்கும் மட்டுமே பொறுப்பு. அந்தக் கடைசிச் சொற்கள்தான் டீ குடிக்கப் போகிறவரைப் பிடிக்கும். கேள்வி கேளுங்கள். பதில் திருப்தி இல்லை என்றால் 'என் மறுப்பை மினிட்ஸில் எழுதுங்கள்' என்று சொல்லுங்கள். டிராஃப்ட் மினிட்ஸ், அதாவது கூட்டக் குறிப்பின் வரைவு, வந்ததும் அது உண்மையிலேயே இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். இது பிடிக்காத சேர்மன்கள் முகத்தைச் சுளிப்பார்கள், சமோசாவை உங்கள் பக்கம் நகர்த்த மாட்டார்கள். பதவிக்காலம் ஒரு தவணை 5 ஆண்டு வரை, தொடர்ந்து இரண்டு தவணைக்கு மேல் இல்லை. மானேசரில் உள்ள இந்திய கார்ப்பரேட் விவகார நிறுவனத்தின் தகவல் தொகுப்பில் பெயரைப் பதிந்து, விலக்கு இல்லாதவர்கள் ஒரு ஆன்லைன் தேர்வும் எழுத வேண்டும். பேங்க்கில் பதவி உயர்வுத் தேர்வுகளைப் பார்த்தவர் நீங்கள், அது பெரிதல்ல.

ஸ்டார்ட்-அப்பில் வேலை. சம்பள உயர்வுக்குப் பதில் 'டைரக்டர் – கஸ்டமர் சக்சஸ்' என்று கார்டு அடித்துக் கொடுத்தார்கள். இரண்டு மாதமாகச் சம்பளம் இல்லை, பிடித்த பி.எஃப். பணம் கட்டவில்லை. என்னைப் பிடிப்பார்களா?
– வாசகர், சென்னை

கார்டில் அச்சடித்தால் டைரக்டர் ஆகிவிட முடியாது. போர்டில் நியமிக்கப்பட்டவர்தான் டைரக்டர். அதற்கு டி.ஐ.என். என்கிற டைரக்டர் அடையாள எண் வேண்டும், டிஐஆர்-2 படிவத்தில் உங்கள் சம்மதம் வேண்டும். கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் கம்பெனி பெயரைப் போட்டால் டைரக்டர்கள் பட்டியல் வரும். உங்கள் பெயர் இல்லையென்றால் நீங்கள் சம்பளம் வராத ஊழியர். பி.எஃப். அலுவலகத்தில் புகார் கொடுங்கள். இப்போது பாசமாக வந்து, 'போர்டில் உட்காரு, ஈக்விட்டி தருகிறோம்' என்று படிவத்தை நீட்டினால் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். கப்பல் மூழ்கும்போது கேப்டன் பதவி இலவசமாகத்தான் கிடைக்கும்.

2014இல் நானும் நண்பரும் ஒரு கம்பெனி தொடங்கி, வியாபாரம் நடக்காமல் அப்படியே விட்டுவிட்டோம். ரிட்டர்ன் போடவில்லை. வேறொரு கம்பெனியில் நான் இப்போது டைரக்டர். பாதிப்பு உண்டா?
– வாசகர், நாமக்கல்

உண்டு, அதுவும் தலைகீழாக. தொடர்ந்து மூன்று நிதியாண்டுகளுக்குக் கணக்கோ ஆண்டு ரிட்டர்னோ தாக்கல் செய்யாத கம்பெனியின் டைரக்டர்கள் 5 ஆண்டுக்குத் தகுதி இழப்பார்கள். 2017இல் இதே காரணத்துக்காக 3 லட்சத்துக்கும் மேற்பட்ட டைரக்டர்களை அமைச்சகம் தகுதியிழக்க வைத்தது. தூங்கிக்கொண்டிருந்த கம்பெனிகளின் ஆட்கள் அன்றுதான் விழித்தார்கள். அப்படித் தகுதி இழந்தால் தவறு செய்த கம்பெனியில் பதவி போகாது. நன்றாக நடக்கிற மற்ற கம்பெனிகளில்தான் போகும். பழைய கம்பெனியை ஒழுங்குபடுத்துங்கள், அல்லது பெயர் நீக்கத்துக்கு முறையாக விண்ணப்பித்து மூடுங்கள். விட்டுவிட்டால் தானாக மூடிக்கொள்ளும் என்று சொன்ன நண்பரை மாற்றுங்கள்.

என் மகன் சிங்கப்பூரில் இருக்கிறான், ஊரில் உள்ள குடும்பக் கம்பெனியில் அவனும் டைரக்டர். 'ஒரு வருஷமா மீட்டிங்குக்கு வரலை, அதனால பதவி போச்சு' என்கிறார் என் மூத்த மைத்துனர்.
– வாசகர், காரைக்குடி

சட்டத்தில் அப்படி ஒரு விதி இருப்பது உண்மை. 12 மாதத்தில் நடந்த எல்லா போர்டு மீட்டிங்குக்கும் வராவிட்டால், லீவு கேட்டிருந்தாலும் பதவி காலி. ஆனால் மீட்டிங் நடந்ததா? ஏழு நாளைக்கு முன் நோட்டீஸ் உங்கள் மகனுக்குப் போனதா? எந்த மெயிலுக்கு? இதற்கெல்லாம் அத்தாட்சி காட்டச் சொல்லுங்கள். சின்னக் கம்பெனிக்கு வருடத்தில் இரண்டு மீட்டிங் போதும், மற்றவற்றுக்கு நான்கு. குடும்பக் கம்பெனிகளில் பல 'மீட்டிங்'குகள் வருடக் கடைசியில் ஆடிட்டர் ஆபீஸ் பிரிண்டரில்தான் நடக்கும். மினிட்ஸைப் பார்க்கக் கேட்கும் உரிமை மகனுக்கு உண்டு, இன்றே மெயில் போடட்டும். இனி வீடியோவில் கலந்துகொள்ளட்டும், அது வருகையாகவே கணக்காகும். இன்னொன்று: டைரக்டர்களில் ஒருவராவது நிதியாண்டில் 182 நாள் இந்தியாவில் இருந்திருக்க வேண்டும். மைத்துனர் ஊரிலேயே இருப்பதால் அந்தக் கவலை இல்லை.

கம்பெனி செக்ரட்டரி என்றால் ஃபைல் பார்ப்பவர்தானே? அதற்கு எதற்கு இவ்வளவு சம்பளம்?
– வாசகர், சேலம்

என்னிடமே கேட்கிறீர்கள்! செலுத்திய பங்கு மூலதனம் 10 கோடி ரூபாயை எட்டிய பிரைவேட் கம்பெனிகூட முழு நேர செக்ரட்டரியை வைத்தாக வேண்டும். பட்டியலிட்ட கம்பெனிகளில் மேனேஜிங் டைரக்டர் அல்லது சி.இ.ஓ., சி.எஃப்.ஓ., செக்ரட்டரி ஆகியோர் முக்கிய நிர்வாகிகள். இந்தக் கம்பெனிகளில் பதவி காலியானால் பொதுவாக மூன்று மாதத்துக்குள் நிரப்ப வேண்டும். போர்டு சட்டத்தை மீறினால் எடுத்துச் சொல்ல வேண்டியதும், மீறியபின் பொறுப்பேற்கிறவர்கள் பட்டியலில் பெயர் வருவதும் எங்கள் வேலை. ஃபைலும் பார்ப்போம்.

எங்கள் கம்பெனியைப் பட்டியலிடப் போகிறோம். ஒரு பெண் டைரக்டர் கட்டாயம் என்கிறார்கள். என் மனைவியையே போட்டுவிடலாமா?
– வாசகர், திருநெல்வேலி

போடலாம், சட்டம் தடுக்கவில்லை. பட்டியலிட்ட எல்லாக் கம்பெனிகளிலும் ஒரு பெண் டைரக்டர் வேண்டும். அவர் இண்டிபெண்டெண்ட் டைரக்டராகவே இருக்க வேண்டும் என்ற, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் விதி 2020 ஏப்ரல் முதல் சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களுக்குள் இருக்கும் கம்பெனிகளுக்கு. அந்த இடத்துக்கு வளர்ந்தால் மனைவி போதாது, வெளியிலிருந்து ஒருவர் வர வேண்டும். முதல் பதிலில் திருப்பூர் வாசகிக்குச் சொன்னதையெல்லாம் மனைவிக்கும் படித்துக் காட்டுங்கள். டிஐஆர்-2 படிவத்தில் சம்மதம் தெரிவித்துக் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். அவரைக் கேட்டதாக உங்கள் கடிதத்தில் எங்கேயும் இல்லை.